செயினைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்கள்

பைக்கின் பின்பக்கத்திலிருந்து வந்த ஒரு சத்தத்துக்காக இரண்டு மாதம் அலைந்தேன். கையைவிட்டுப் போனது கிட்டத்தட்ட 7,000 ரூபாய். அதில் முக்கால்வாசிக்கு மேல் தேவையே இல்லாத செலவு. நான் போன பட்டறைகளில் யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டவுடனே கையில் ஸ்பேனரை எடுத்தார்களே தவிர, அது எந்த நேரத்தில் வருகிறது, எந்த நேரத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒருவரிடம் போய்ச் சேர்வதற்குள் பணமும் போய்விட்டது, நிம்மதியும் போய்விட்டது. வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் இறால் தீவனக் கம்பெனி ஒன்றில் களப்பணியில் இருக்கிறேன். வீடு திருத்துறைப்பூண்டி. வேலை முழுக்க வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையோரப் பண்ணைகளில். காலையில் போய் செக் ட்ரேயை, அதாவது இறால் தீவனம் தின்றதா என்று பார்க்கக் குட்டைக்குள் இறக்கிவைக்கும் தட்டை, தூக்கிப் பார்த்து, தண்ணீரின் உப்பை அளந்து, அடுத்த குட்டைக்குப் போக வேண்டும். தார் ரோடு வரைக்கும் சுகமாக இருக்கும், அதற்கப்புறம் வரப்பும் களிமண்ணும்தான். அகஸ்தியம்பள்ளி, கடிநெல்வயல் பக்கம் உப்பளத்தை ஒட்டிப் போகும்போது காற்றிலேயே உப்பு இருக்கும், உதட்டை நக்கினால் கரிக்கும். வண்டி 150 சிசி, பின்னால் ட்ரம் பிரேக், செயினை முழுக்க மூடிய கவர். கவர் மூடியிருப்பது சேறு படாமல் இருக்க நல்லதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் உப்பளத்து ரோட்டில் பின்சக்கரம் பஞ்சர். போன் போட்டதும் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் சாமானோடு டிவிஎஸ்ஸில் வந்தார். இருட்டு, மழை, கீழே சேறு. செல்போன் வெளிச்சத்தில் சக்கரத்தைக் கழற்றி, டியூபை ஒட்டி, மாட்டிக் கொடுத்தார். அந்த நேரத்தில் வந்ததே பெரிய உதவி, இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டி ஒழுங்காக ஓடி வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பத்து நாளுக்கு மேலேயும் ஒழுங்காகத்தான் ஓடியது. அதனால் பஞ்சரையும் பின்னால் வந்த சத்தத்தையும் சேர்த்துப் பார்க்க யாருக்குமே தோன்றவில்லை.

சத்தம் முதலில் மெல்ல வந்தது. 40-ஐத் தாண்டும்போது, தூரத்தில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி பின்னாலிருந்து ஒரு கரகரப்பு. ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்ப முறுக்கும்போது காலடியில் 'டக்' என்று ஒரு இடி. இரண்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தன. செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) சுருண்டால் இன்ஜின் கேஸே உடையும், சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆளைத் தூக்கி எறியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருட்டிய பிறகு ஆளில்லாத ரோட்டில் அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டே வருவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கை தானாக ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடும். வீட்டில், "ஏங்க, பஸ்ஸுலயே போயிட்டு வாங்களேன்" என்றார்கள். பண்ணைக்கு ஏது பஸ்?

முதலில் போன பட்டறையில் செயின் லூஸ் என்றார்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கையால் அமுக்கிப் பார்த்து, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் முறுக்கி, "நல்லா இறுக்கிட்டேன் சார், இனிமே வராது" என்றார் மெக்கானிக். 100 ரூபாய். உண்மையாகவே 'டக்' கொஞ்சம் குறைந்தது. ஆனால் புதிதாக 'ஊய்ங்' என்று ஒரு இழுவைச் சத்தம் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரமே முன் ஸ்ப்ராக்கெட் கவருக்குக் கீழே எண்ணெய் கசிய ஆரம்பித்தது. அந்த ஆயில் சீல் மாற்ற 350 ரூபாய்.

செயின் தொய்வு பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப்பேருக்கு இதில்தான் அடி விழுகிறது. தொய்வு என்பது கோளாறு இல்லை, செயினுக்குத் தொய்வு வேண்டும். என் வண்டியின் புத்தகத்தில் 25 முதல் 35 மி.மீ. வரை என்று போட்டிருக்கிறது. உங்கள் வண்டிக்கு என்ன அளவு, எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்பது புத்தகத்திலோ ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில்) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, மொத்த அசைவை ஸ்கேலில் அளக்க வேண்டும். மூடிய கவர் என்றால் அதற்கென்று ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைத் திறந்தால் போதும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எந்த இடத்தில் அதிகம் இறுக்கமோ அந்த இடத்துக்குத்தான் அளவு வைக்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொளதொள என்று இருந்தால் செயின் சமமாகத் தேயவில்லை என்று அர்த்தம், அதை அட்ஜஸ்ட் பண்ணிச் சரிசெய்ய முடியாது.

ஆள் ஏறி உட்கார்ந்தால் கதை மாறுவதையும் கவனிக்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் உச்சமாக இறுகும். வெறும் வண்டியில் கச்சிதமாக வைத்த செயின், நானும் இரண்டு தீவன மூட்டையும் ஏறினால் கம்பி மாதிரி விறைத்துவிடும். அந்த இழுப்பு முன்னால் இன்ஜின் ஷாஃப்ட் பேரிங்கையும் சீலையும், பின்னால் சக்கரப் பேரிங்கையும் தின்னும். அந்த 'ஊய்ங்' சத்தம் அதுதான். அளவோடு தளர்த்தியவுடன் போய்விட்டது. அதனால் லோடு ஏற்றுகிறவர்கள், அளவு வைத்த பிறகு வழக்கமான பாரத்தோடு ஒருவரை உட்காரவைத்து, செயினில் இன்னும் அசைவு மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கரகரப்பு போகவில்லை. இரண்டாவது பட்டறையில், செயின் ஸ்ப்ராக்கெட் செட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றியதில் தப்பில்லை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அதையும் சீக்கிரம் தின்றுவிடும். கூலியோடு 1,950 ரூபாய். மாற்றிய அன்று வண்டி பூனை மாதிரிப் போனது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாரத்துக்குள் அதே கரகரப்பு.

கழற்றிய பழைய செயினைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பிறகு அதை அளந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. என் வண்டிக்கு 428 என்ற அளவுச் செயின். அதில் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து (pin) அடுத்த பின் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. செயினை நேராக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னிலிருந்து ஆரம்பித்து இருபது இடைவெளி தள்ளியிருக்கும் பின் வரை அளந்தால், புதிதாக இருக்கும்போது 254 மி.மீ. வரும். 2 சதவீதம் நீண்டு, அதாவது 259-ஐ எட்டினால், மாற்ற வேண்டும். என்னுடையது 256-தான். இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். 520, 525, 530 என்ற பெரிய செயின் போட்ட வண்டிகளுக்கு இடைவெளி 15.875 மி.மீ., இருபது இடைவெளிக்கு 317.5, மாற்ற வேண்டிய அளவு 323 பக்கம். ஒரு ஸ்டீல் டேப் போதும், மாட்டியிருக்கும் செயினிலேயே அளக்கலாம். அளப்பதற்கு நேரம் இல்லையென்றால், பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில், சக்கரத்தின் பின்முனையில், செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பெரிதாக அசையக் கூடாது. பல்லில் பாதி தெரியும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் ஆயுள் முடிந்தது. ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல் வளைந்திருந்தாலும் அதே தீர்ப்பு. இவற்றில் ஒன்றையாவது உங்கள் கண்முன் செய்து காட்டாமல் செயின் செட்டை மாற்றச் சொன்னால், காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். செயின் புதிது என்பதால் சந்தேகம் இன்ஜின் பக்கம் திரும்பியது. கிளட்ச் என்றார்கள், திறந்தார்கள், பிளேட் மாற்றினார்கள், ஆயில் மாற்றினார்கள். 3,600 ரூபாய். வண்டி உள்ளே கிடந்த நாட்களில் பண்ணைக்கு நண்பர் ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். அறுவடை நெருங்குகிற குட்டைகளுக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, அந்த மாத இன்சென்டிவும் போனது. டெலிவரி எடுத்த அன்று சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, "பாருங்க சார், சத்தமே இல்ல" என்று காட்டினார்கள். ஸ்டாண்டில் உண்மையிலேயே இல்லை. ரோட்டில் ஏறியதும் இருந்தது. திரும்பிப் போய்ச் சொன்னபோது, "பழைய வண்டின்னா கொஞ்சம் இருக்கும் சார், ஓட்டுங்க" என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பணம் போனதைவிட, நமக்குக் கேட்பது அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதுதான் ஆளைச் சோர்த்துவிடுகிறது.

ஸ்டாண்டில் சத்தம் வராமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஸ்டாண்டில் சக்கரத்தின் மேல் பாரம் கிடையாது, செயின் மேல் இழுப்பு கிடையாது. பேரிங், ரப்பர், தேய்ந்த பல் எதுவானாலும் பாரம் விழும்போதுதான் பேசும். ஸ்டாண்டில் சத்தம் இல்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது. மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள், அல்லது நீங்கள் ஓட்டி அவரை உட்காரவையுங்கள். அதற்குச் சம்மதிக்காத பட்டறையில் சத்தக் கோளாறுக்கு வண்டியை விடாதீர்கள்.

கடைசியில் பண்ணைக்கார அண்ணன் ஒருவர், ஏரேட்டர் (குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் மிஷின்) ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரரிடம் அழைத்துப் போனார். அறுபது வயது தாண்டியவர். பைக் மெக்கானிக் கிடையாது, ஆனால் சுற்றுகிற எதுவும் அவருக்கு அத்துப்படி. நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, எங்கேருந்து வருதுன்னு சொல்லாதப்பா. அது காதை ஏமாத்தும். எப்ப வருது, அதைச் சொல்லு."

பிறகு அவர் என்னை ஓட்டிவரச் சொல்லிச் செய்யவைத்த சோதனைகளை அப்படியே எழுதுகிறேன். எதற்கும் கருவி வேண்டாம், காலியான ரோடு ஒன்று போதும்.

முதலில், ஒரே வேகத்தில் இரண்டு கியர். 40-ல் மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம், அதே 40-ல் நான்காவது கியரில் கொஞ்ச தூரம். சக்கரத்தின் வேகம் ஒன்றுதான், இன்ஜினின் வேகம் மட்டும் மாறும். சத்தமும் மாறினால் இன்ஜின் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பின்னால் இருப்பவைதான். எனக்கு மாறவில்லை. அடுத்து, ஓடும்போது கிளட்ச்சைப் பிடித்து வண்டியை உருளவிட வேண்டும். கிளட்ச் பிடித்தவுடன் நின்றுபோகிற சத்தம் இழுப்போடு சம்பந்தப்பட்டது: இன்ஜின், செயின், ரப்பர். உருளும்போதும் தொடர்ந்தால் பேரிங், பிரேக், டயர். எனக்குக் கரகரப்பு தொடர்ந்தது, 'டக்' நின்றது. "அப்ப ரெண்டு வியாதி" என்றார். மூன்று பட்டறையிலும் யாரும் இதைப் பிரித்துப் பார்க்கவில்லை. 3,600 ரூபாய் கொடுத்து மாற்றிய கிளட்ச்சுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பது கால்மணி நேரத்தில், செலவில்லாமல், தெரிந்துவிட்டது. உருளும்போதே பின் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டதும் சத்தம் மாறினால் பிரேக் ஷூவையும் ட்ரம்மையும் பார்க்க வேண்டும். மாறவில்லை.

அடுத்த சோதனைதான் என்னை அசரவைத்தது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பின் டயரில் டியூப் வால்வு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகச் சொன்னார். சத்தம் வரும் தாளத்தை எண்ண வேண்டும். என் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42, செயினில் 120 கண்ணி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்றுச் சுற்றும். செயின் முழுதாக ஒரு சுற்று வர, சக்கரம் ஏறக்குறைய மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் சாக்பீஸ் கோடு ஒருமுறை கீழே வருவதற்குள் 'டிக்' மூன்று முறை கேட்டால் முன் ஸ்ப்ராக்கெட்டில் குறை. கோட்டுக்கு ஒருமுறை கேட்டால் பின் ஸ்ப்ராக்கெட், ட்ரம், சக்கரம். மூன்று சுற்றுக்கு ஒருமுறை, அதாவது ஐந்தரை மீட்டர் தள்ளினால் ஒருமுறை, கேட்டால் செயினில் ஏதோ ஒரு கண்ணி விறைத்திருக்கிறது, இல்லையென்றால் லாக் கிளிப் எதிலோ தட்டுகிறது. பற்களை எண்ணிக்கொண்டால் எந்த வண்டிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். என் சத்தத்துக்கு இப்படித் தாளம் எதுவும் இல்லை, மணலை அரைப்பது போல ஒரே சீராக வந்தது. "பேரிங்குதான். இருந்தாலும் செயினை எடுத்துட்டுப் பார்த்துடுவோம்" என்றார்.

லாக் கிளிப்பைக் கழற்றி, செயினை உருவி, மறுபடி தள்ளச் சொன்னார். செயினே இல்லாத வண்டியில் அதே கரகரப்பு. என் பையன் வயதில் அங்கே வேலை செய்த பையன் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான், பாரம் கூடியதும் இன்னும் தெளிவாகக் கேட்டது. செயின், முன் ஸ்ப்ராக்கெட், இன்ஜின் என்று அதுவரை பழி சுமந்த எல்லாமே அந்த ஒரு நிமிடத்தில் விடுதலை ஆகிவிட்டன.

சக்கரத்தைக் கழற்றினார்கள். முதலில் பின் ஸ்ப்ராக்கெட்டை என்னிடம் காட்டினார். பற்களின் வெளிப்பக்கம் புதுக் கறுப்பு மாறாமல் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. செயினின் உள் பிளேட்டுகளிலும் ஒரு பக்கம் மட்டும் அதே மினுமினுப்பு. ஸ்ப்ராக்கெட் நேர்க்கோட்டில் இல்லாமல், பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. சக்கரத்தின் இரண்டு பேரிங்கிலும் விரலை விட்டுச் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி சுற்றின. ஸ்ப்ராக்கெட் பொருந்தியிருக்கும் ட்ரம்மின் (இது பிரேக் ட்ரம் இல்லை) பேரிங்கில் விரலை விட்டுச் சுற்றியபோது நறநறவென்று தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. அதற்கும் சக்கரப் பேரிங்குக்கும் நடுவில் ஆக்சிலில் இருந்தது இரண்டு சாதா வாஷர்.

அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது ஒரு காலர், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு இரும்புக் குழல். ஆக்சில் நட்டை முறுக்கும்போது அந்த இறுக்கம் ட்ரம் பேரிங்கின் உள்வளையத்திலிருந்து இந்தக் காலருக்கு, காலரிலிருந்து சக்கரப் பேரிங்குக்கு, அதற்குள்ளிருக்கும் நீளக் குழலுக்கு என்று ஒன்றையொன்று தாங்கி மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். காலர் குட்டையாகிவிட்டால் அந்த வரிசையில் ஒரு இடைவெளி. நட்டை முறுக்க முறுக்க ட்ரம் பேரிங் பக்கவாட்டில் நசுங்கும், ட்ரம் உள்ளே இழுபடும், ஸ்ப்ராக்கெட் கோடு தப்பும். பட்டறையிலிருந்த வெர்னியரில் அளந்தால் வாஷர் இரண்டும் சேர்ந்து, வாங்கி வந்த காலரைவிட 3 மி.மீ. குறைவு. மழையில், இருட்டில், உப்பளத்துச் சேற்றில் அந்தக் காலர் விழுந்திருக்க வேண்டும். வண்டி எப்படியாவது வீடு போய்ச் சேரட்டும் என்று வாஷர் போட்டிருப்பார். செயின் செட் மாற்றியவர்களும் சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள்தான். ஆனால் கழற்றும்போது எது இருந்ததோ அதை அப்படியே மாட்டியிருக்கிறார்கள். என்ன இருந்திருக்க வேண்டும் என்பது, அந்த வண்டியின் பார்ட்ஸ் படத்தைப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

'டக்' சத்தத்துக்கும் பதில் அங்கேயே இருந்தது. ட்ரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இழுப்பின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் கட்டைகள் நசுங்கி, ஒன்று இரண்டாகக் கிழிந்திருந்தது. இதைக் கழற்றாமலேயே பார்க்கலாம். சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் பின் ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், தொளதொளவென்று ஆடினால் ரப்பர் போய்விட்டது. ட்ரம் பேரிங், காலர், ரப்பர் செட், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். காலரைக் கடைந்தே கொடுத்திருக்க முடியும் அவரால். "கம்பெனி காலர் வாங்கிட்டு வா தம்பி, இதுல நீளந்தான் முக்கியம், நான் கண்ணால பார்த்துக் கடையக் கூடாது" என்றார். இத்தனை அனுபவம் உள்ள ஒருவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பக்கவாட்டில் உரசியிருந்தாலும் அளவுக்குள்தான் இருந்தன, அவற்றையே வைத்துக்கொண்டேன், இன்றுவரை ஓடுகின்றன.

இதற்குப் பிறகு நான் கடைப்பிடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சருக்குச் சக்கரம் கழற்றினால், ஆக்சிலை உருவும்போதே கீழே ஒரு துணியை விரித்து, விழுகிற காலர், வாஷர் எல்லாவற்றையும் விழுந்த வரிசையிலேயே அடுக்கி ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். மாட்டிய பிறகு ஸ்டாண்டில் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்புவதில்லை. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடுவு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து, சமமா என்று பார்த்துவிடுவேன். பஞ்சர் ஒட்டியது, சர்வீஸ் விட்டது எல்லாவற்றையும் தேதியோடு போனில் எழுதிவைக்கிறேன். சத்தம் புதிதாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, கடைசியாக அந்தப் பக்கம் யார் கை வைத்தார்கள் என்பதைத்தான்.

உப்புக் காற்றில் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 'கீச் கீச்' என்று குருவி கத்துவது போல் வந்தால் அது வறண்ட செயின், பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. கண்ணி மூட்டுகளில் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் தெரிந்தால், பின்னும் புஷ்ஷும் உள்ளே துருப்பிடித்துத் தேய்கின்றன, அதற்கு மேலே பூசுகிற எண்ணெய் பெரிதாக உதவாது. மண்ணெண்ணெயும் துணியும் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ உள்பக்கத்திலிருந்து ரோலருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இறங்கும்படி விட வேண்டும். ஓ ரிங் (கண்ணி மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம்) போட்ட செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். கழிவு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கிறது. ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது எண்ணெய் விட்டு, இரவு முழுக்க விட்டுவைப்பது நல்லது. களிமண் ரோட்டில் ஓட்டினால் முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி உள்ளே அப்பியிருக்கும் மண்ணைச் சுரண்டி எடுங்கள், காய்ந்து கல்லாகிவிட்டால் அதுவே செயினை அரைத்துச் சத்தம் போடும். கவரைத் திறந்த கையோடு, முன் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் பூட்டுத் தகட்டின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் தொட்டுப் பாருங்கள்.

லாக் கிளிப் மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும், திறந்த முனை பின்னால். மாற்றி மாட்டினால் எதிலாவது தட்டிக் கழன்று போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது. சத்தம் கேட்பதற்கோ துடைப்பதற்கோ, ஸ்டாண்டில் போட்டு கியரில் இன்ஜினை ஓடவிட்டுச் செயினில் துணியையோ கையையோ வைக்கவே வைக்காதீர்கள். துணி பல்லில் சிக்கினால் விரல் அதன் பின்னாலேயே போய்விடும், கையை எடுக்க நேரம் இருக்காது. சாவியை எடுத்து, நியூட்ரலில் போட்டு, கையால் சுற்றுங்கள். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் முதலில் அவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்போது ஏதாவது சத்தம் வந்தால் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன வாய்ஸ் மெசேஜை எனக்கே அனுப்பிக்கொள்கிறேன்: எந்த வேகம், எந்த கியர், கிளட்ச் பிடித்தால் இருக்கிறதா, ஆக்சிலேட்டரை விட்டால் இருக்கிறதா, சக்கரச் சுற்றுக்கு எத்தனை முறை, லோடு இருக்கும்போது கூடுகிறதா, அதற்கு முன்னால் கடைசியாக என்ன வேலை நடந்தது. மெக்கானிக்கிடம் "செயின் சத்தம் வருது" என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அவர் செயினைத்தான் பார்ப்பார். இந்த விவரங்களை மட்டும் சொல்லிவிட்டு, அவரோடு ஒரு ரவுண்டு போய்வருகிறேன்.